மலைமேல் கேசட் டெக்: துடைத்து ஓட்டுவதா, பெல்ட் மாற்றுவதா, கழற்றிவிடுவதா?

பழைய அம்பாசிடர், பத்மினி, மாருதி 800, ஆம்னி, ஜீப் எல்லாம் பழனி மலைப் பக்கம் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. தாண்டிக்குடி காப்பித் தோட்டத்துக்கும் பூம்பாறைப் பூண்டு வயலுக்கும் போய்வரும் வண்டிகள் பலவற்றின் டாஷ்போர்டில் கேசட் டெக் அப்படியே உட்கார்ந்திருக்கும், பாடாது. கடையில் காட்டினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கழட்டிப் போட்டுட்டு ப்ளூடூத் செட் மாட்டிருங்கண்ணே." எப்போதும் தப்பான யோசனை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குத் தலையாட்டும் முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். டெக்கில் எது கெட்டிருக்கிறது? போட்டுக் கேட்க வீட்டில் நல்ல நிலையில் கேசட் இருக்கிறதா? கேசட் இல்லாதவர் பெல்ட் மாற்றச் செலவழிப்பது வீண். கேசட் இருப்பவர் அரை மணி நேரத் துடைப்பில் சரியாகக்கூடிய டெக்கைக் கழற்றி எறிவதும் வீண்தான்.

கையில் உள்ள வழிகள் ஐந்து: நாமே சுத்தம் செய்வது, பெல்ட்டும் ரோலரும் மாற்றுவது, கேசட் அடாப்டர் போட்டு போனிலிருந்து பாட வைப்பது, எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர், புது செட்.

முதலில் கோளாறு எது என்று பாருங்கள்

சாவியை ஏ.சி.சி. நிலைக்கு (இன்ஜின் ஓடாமல் ரேடியோவுக்கு மட்டும் கரண்ட் வரும் நிலை) திருப்பி, போனாலும் கவலையில்லாத ஒரு கேசட்டைப் போடுங்கள். விளக்கே எரியவில்லை என்றால் ஃபியூஸையும் கருப்பு எர்த் வயரையும் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம். ரேடியோ பாடுகிறது, கேசட் போட்டால் மோட்டார் சுற்றும் இரைச்சல் மட்டும் கேட்கிறது, டேப் நகரவில்லை என்றால் பெல்ட் அறுந்திருக்கும், அல்லது உருகிப்போயிருக்கும். பாட்டு வருகிறது, ஆனால் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாக, அல்லது ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் வருகிறது என்றால் ஹெட்டில், அதாவது டேப்பிலுள்ள பாட்டைப் படிக்கும் காந்த முனையில், அழுக்கு. டேப்பை இழுத்துச் சுற்றிக்கொண்டால், டேப்பை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் வழவழப்பாகியிருக்கும், இல்லையென்றால் டேப்பைச் சுருட்டும் பக்கத்து ரீலுக்கு இழுவை போதவில்லை. ரோலரோடு சேர்ந்து டேப்பை ஓட்டும் மெல்லிய உலோகத் தண்டான கேப்ஸ்டன் தள்ளிக்கொண்டே இருக்க, ரீல் வாங்கிக்கொள்ளாவிட்டால் மிச்சம் வரும் டேப் தண்டைத்தான் சுற்றும்.

குரல் இழுத்து ஆடினால், எத்தனை வேகத்தில் ஆடுகிறது என்று காதால் எண்ணிப் பாருங்கள். கேசட்டில் டேப் ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள கேப்ஸ்டன் நொடிக்கு ஏழரை முறை சுற்றும். 10 மில்லிமீட்டர் பிஞ்ச் ரோலர் நொடிக்கு ஒன்றரை முறை. ரீல் ஒரு சுற்று சுற்ற, டேப் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, சுமார் ஒன்றரை முதல் மூன்றேகால் நொடி ஆகும். ஆகவே நடுக்கம் பொடிப்பொடியாக வந்தால் கேப்ஸ்டனில் அழுக்குத் திட்டு. நொடிக்கு ஒன்றிரண்டு முறை "டுக்… டுக்" என்று வந்தால் ரோலரில் பள்ளம். அதைவிட மெதுவாக வந்தால் சந்தேகம் கேசட்டின் மேல். வேறொரு கேசட்டைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மலையில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானல் இரவுகள் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். விடிகாலையில் டெக்கின் உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். கேப்ஸ்டன் தண்டிலும் ஹெட்டிலும் பனி ஈரம் படிந்திருக்கும். ஈரத் தண்டில் டேப் ஒட்டிக்கொண்டு சுற்றிவிடும். அதனால் காலையில் மட்டும் கோளாறு செய்து, பத்து மணி வெயிலில் ஒழுங்காகப் பாடும் டெக்குக்கு புது பெல்ட் தேவையில்லை. வண்டிக்குள் சூடேறும்வரை, ஹீட்டர் இருந்தால் 15 நிமிடம் ஓடியபின், கேசட் போட்டால் போதும். இரவில் கேசட்டை டெக்குக்குள் விட்டுவைக்கவே கூடாது.

நாமே சுத்தம் செய்வது

செலவு மிகக் குறைவு, பலன் அதிகம். வேறு எந்த முடிவுக்கும் முன்னால் இதைச் செய்துவிட வேண்டும் என்பதே எங்கள் கட்சி. தேவை: 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 50 மில்லி, நீளக் குச்சிப் பட்ஸ், பஞ்சு உதிராத துணி, தையல் மிஷின் எண்ணெய், ஒரு சின்ன டார்ச். செல்போன் ரிப்பேர் கடைகளில் போர்டு கழுவ இந்த ஆல்கஹாலைத்தான் வைத்திருப்பார்கள், ஐ.பி.ஏ. என்று கேளுங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலப்பு அதிகம். யூடிகோலனில் வாசனைத் தைலம் இருக்கிறது, அது ஹெட்டில் படலமாகத் தங்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், பெட்ரோல் ரப்பரை ஊதவைக்கும். ஆல்கஹால் பாட்டிலை மூடுபனியில் திறந்துவைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; மூடியில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு உடனே பாட்டிலை மூடிவிடுங்கள்.

டெக்கைக் கழற்றாமலே கேசட் வாய் வழியாக ஹெட்டைத் துடைக்கலாம். வண்டியை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தால் நடுவில் பளபளக்கும் உலோக முகம் தெரியும். அதன் குறுக்கே பழுப்புத் தூள் கோடாகப் படிந்திருக்கும். டேப்பிலிருந்து உதிர்ந்த ஆக்சைடு அது. பட்ஸை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, டேப் ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். குச்சி வெள்ளையாகத் திரும்பிவரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். அடுத்தது ரப்பர் ரோலர். அதை விரல் நுனியால் சுழற்றிக்கொண்டே துடைத்தால் பழுப்பு வளையம் போய், கறுப்பு ரப்பர் மங்கலாகத் தெரியும். மங்கலாக இருப்பதுதான் நல்ல ரப்பர். கண்ணாடிபோல் மின்னினால் பிடிப்பு போய்விட்டது. ரப்பரில் ஆல்கஹாலை ஊறவிடக் கூடாது, துடைத்த கையோடு உலர்ந்த பட்ஸால் ஒற்றிவிடுங்கள். ஆட்டோ ரிவர்ஸ் டெக் (கேசட்டைத் திருப்பிப் போடாமலே மறுபக்கம் பாடுவது) என்றால் ரோலரும் கேப்ஸ்டனும் இரண்டிரண்டு. இடதுபுறத்தை மறந்துவிட்டால், பாட்டு திரும்பி ஓடும்போது மட்டும் டேப் மாட்டும்.

கேப்ஸ்டனில்தான் சிக்கல். கார் டெக்கில் கேசட் இல்லாமல் மோட்டார் ஓடாது. வாய் வழியாகத் துடைத்தால் தண்டின் ஒரு பக்கம்தான் சுத்தமாகும். இதற்கு ஈர வகை ஹெட் கிளீனர் கேசட் உதவும். ஹெட்டுக்கும் கேப்ஸ்டன், ரோலருக்கும் தனித்தனிக் கம்பளிப் பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சொட்டு விட்டு 15 நொடி ஓட்டினால் போதும். டேப்புக்குப் பதில் சொரசொரப்பான நாடா வைத்த உலர் வகையை வாங்காதீர்கள், அடிக்கடி போட்டால் ஹெட்டையே தேய்த்துவிடும். எதைச் செய்தாலும் 10 நிமிடம் காயவிட்டுத்தான் கேசட் போட வேண்டும். மழை நாளில் அரை மணி.

எவ்வளவுக்கு ஒரு முறை? பத்து மணி நேரப் பாட்டுக்கு ஒரு முறை ஹெட் துடைப்பது நல்ல வழக்கம். வருடத்துக்கு ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், டெக்கை வெளியே எடுத்து மேல்மூடியைத் திறந்து முழுதாகச் செய்யுங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, வயர்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, பிறகு டெக்கை இழுக்க வேண்டும். மூடி திறந்தால், கேப்ஸ்டனோடு சேர்ந்து சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் சுற்றிக்கொண்டே கேப்ஸ்டனை முழுச் சுற்றும் துடைக்கலாம். தண்டு உள்ளே போகும் பேரிங்கில் ஊசி முனையால் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். இரண்டாவது சொட்டு ஒழுகி ரோலருக்கோ பெல்ட்டுக்கோ வந்தால் செய்த வேலை பாழ். துரு நீக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி அடித்த டெக்கில் ரப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். வால்யூம் திருகும்போது கரகரவென்றால் ஈரத்தில் அதன் உள்தடம் மங்கியிருக்கிறது. காண்டாக்ட் கிளீனரை ஒரு சின்னப் பீச்சு பீச்சி, இருபது முப்பது முறை முழுதாகத் திருகினால் தெளியும்.

ஹெட்டைத் தாங்கும் திருகுகளில் ஒன்றுக்கடியில் சுருள்வில் இருக்கும். டேப்புக்கு ஹெட் எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதை அது தீர்மானிக்கிறது. ஒரு கேசட் மந்தமாக ஒலிக்கிறது என்று அதைத் திருகாதீர்கள். ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொடுத்து மெல்ட்ராக், டி.டி.கே. வெற்றுக் கேசட்டுகளில் பதிந்து வாங்கியவை ஒவ்வொன்றும் அந்தந்தக் கடை டெக்கின் சாய்வில் பதிந்தவை. ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றது மங்கும். கம்பெனி கேசட்டுகள் இரண்டு மூன்றுமே மந்தமாக இருந்தால்தான் அந்தத் திருகைத் தொட வேண்டும்.

சில சமயம் குற்றம் டெக்கின் மேல் இல்லை. கேசட்டின் திறந்த விளிம்பில், ஹெட்டுக்கு நேரே, செப்புத் தகட்டின் மேல் ஒட்டிய சிறு கம்பளித் துண்டு இருக்கும். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் டேப் ஹெட்டில் படியாது, குரல் மங்கும். ஐந்து திருகு போட்ட கேசட் என்றால் திறந்து, உடைந்த கேசட்டிலிருந்து எடுத்த துண்டைத் தகட்டோடு மாற்றிவிடலாம். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூசணம். அதை அப்படியே ஓட்டினால் ஹெட் வழியாக அடுத்த கேசட்டுக்கும் பரவும், அதனால் தனியே எடுத்துவைத்துவிடுங்கள். மலை வீடுகளில் கேசட் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, சுவரை ஒட்டாத அலமாரியில் வைப்பது இதற்காகத்தான். நெடுநாள் ஓடாத கேசட்டை முதலில் ஒரு முறை கடைசிவரை ஓடவிட்டு ரிவைண்ட் செய்தபின் பாட விடுங்கள். 120 நிமிடக் கேசட்டின் டேப் மிக மெலிது. மலைப்பாதைக்கு அது வேண்டவே வேண்டாம், 60 உத்தமம்.

பெல்ட், ரோலர் மாற்றுவது

கேசட் சேமிப்பு உள்ளவருக்கு மட்டும் இது தகும். இருபது முப்பது வருடப் பெல்ட் இரண்டில் ஒரு விதமாகக் கெடும்: தளர்ந்து வழுக்கும், அல்லது தாராக உருகி, அது ஓடும் சக்கரமான புல்லி முழுதும் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது வகையைச் சுரண்டக் கூடாது. ஆல்கஹால் நனைத்த பட்ஸால் பொறுமையாகக் கரைத்து எடுக்க வேண்டும். புல்லிப் பள்ளத்தில் மிச்சம் வைத்தால் புதுப் பெல்ட்டும் துள்ளும். கையுறை போடுங்கள், அந்தக் கறுப்பு விரலில் இரண்டு நாள் இருக்கும்.

அளவு எடுக்க, பெல்ட் போகும் பாதை முழுதும் நூலைச் சுற்றி அளந்து, அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்து வாங்க வேண்டும். பழைய பெல்ட்டையே அளந்து அதே அளவில் வாங்கினால், நீண்டுபோன அளவைத்தான் வாங்குகிறோம். தடிமனும் முக்கியம், சதுர வெட்டுப் பெல்ட்டுக்குச் சதுரமே போட வேண்டும். இறுக்கமான பெல்ட் மோட்டார் பேரிங்கைத் தின்னும், குளிர்காலையில் மோட்டாரைத் திணறடிக்கும். ஆட்டோ ரிவர்ஸ் டெக்கில் இரண்டு ஃப்ளைவீலும் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும், ஆகவே பெல்ட் ஒன்றின் உள்பக்கமாகவும் மற்றொன்றின் வெளிப்பக்கமாகவும் போகும். கழற்றும் முன் படம் எடுக்காதவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

பெல்ட் மாற்றியபின் வேகம் பார்க்க வேண்டும். சரியாக 5 நிமிடம் ஓடும் பாட்டு போனிலும் கம்பெனி கேசட்டிலும் இருந்தால் இரண்டையும் நேரம் பிடியுங்கள். 3 நொடி வித்தியாசம் என்பது 1 சதவீதம். அதுவரை விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் மோட்டாரின் பின்புறத் துளையில் உள்ள சிறு திருகை மிகக் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். சில டெக்குகளில் அது போர்டில் இருக்கும். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது பாட்டின் வேகமும் ஏறினால், பெல்ட்டை விட்டுவிட்டு மோட்டாரை மாற்றச் சொல்லுங்கள். உள்ளே வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி போய்விட்டது.

ரோலரைப் பொறுத்தவரை ஒரு பழக்கம் அதைக் காப்பாற்றும். கேசட்டை வெளியே எடுத்துவிட்டுத்தான் சாவியை அணைக்க வேண்டும். பாடும்போதே அணைத்தால் பல டெக்குகளில் ரோலர் கேப்ஸ்டனை அழுத்தியபடியே நிற்கும். ஒரு வாரம் வண்டி நின்றால் ரப்பரில் தண்டின் அச்சு பதிந்து பள்ளமாகிவிடும். முன்னே சொன்ன "டுக்… டுக்" அப்படிப் பிறப்பதுதான். டேப் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். டெக்கைத் திறந்து ஃப்ளைவீலைப் பின்பக்கமாகக் கையால் சுற்றினால் டேப் அறுபடாமல் அவிழும்.

ரிப்பேருக்குக் கொடுப்பதென்றால் பழைய டேப் ரிக்கார்டர் பார்த்த கையாகத் தேடுங்கள். மலைக்குக் கீழே திண்டுக்கல், மதுரையில் கிடைக்க வாய்ப்பு அதிகம். திரும்ப மாட்டும்போது டெக்கின் பின்பக்கத் தாங்கு பட்டையைப் போட்டார்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் முன்விளிம்பில் மட்டும் தொங்கும் டெக், பெருமாள்மலை ஏற்றத்தில் ஒவ்வொரு குழிக்கும் குரலை ஆட்டும்.

கேசட் அடாப்டர்

கேசட் வடிவில் இருக்கும், உள்ளே டேப் இருக்காது. ஒரு சிறு காந்த ஹெட் டெக்கின் ஹெட்டுக்கு நேரே நின்று பாட்டைக் கடத்தும். டேப்பே ஓடாததால் பெல்ட் தளர்ந்திருந்தாலும், ரோலரில் பள்ளம் விழுந்திருந்தாலும் குரல் ஆடாது. டெக் தன்னை நிறுத்திக்கொள்ளாத அளவுக்கு ரீல் சுற்றினால் போதும். பாதி செத்த டெக்குக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. கம்பி வைத்தது சில நூறு ரூபாய்தான். எனினும் ஹெட் சுத்தமாக இருக்க வேண்டும், அழுக்கு ஹெட்டில் இதுவும் மந்தமாகவே பாடும்.

போன் வால்யூமை முக்கால் அளவில் வைத்து மீதியை டெக்கில் கூட்டுங்கள். போனில் குறைத்து டெக்கில் ஏற்றினால் இரைச்சல்தான் வரும். டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கும் வசதி) பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். அடாப்டரைப் போட்டதும் டெக் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிக்கொண்டே இருந்தால், ரீல் நின்றுவிட்டதாக அது நினைக்கிறது: அடாப்டரின் பல்சக்கரம் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள், அல்லது திருப்பிப் போடுங்கள். வாங்கும் முன், உங்கள் டெக்கில் கேசட் நீளவாக்கில் போகிறதா, அகலவாக்கில் போகிறதா என்று பார்த்து அதற்கேற்பக் கம்பி வெளிவரும் மாதிரியை எடுக்க வேண்டும். ப்ளூடூத் அடாப்டரில் கம்பித் தொல்லை இல்லை, சார்ஜ் போடும் தொல்லை உண்டு. மலைப்பாதையில் சிக்னல் விட்டு விட்டு வரும், பாட்டுகளைப் போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்

சமவெளியில் சமாளிக்கலாம். இங்கே இது கடைசித் தேர்வு. சிகரெட் லைட்டரில் செருகும் இந்தக் கருவியின் சக்தி மிகச் சொற்பம். காலியான ஒரு அலைவரிசை கிடைத்தால்தான் தெளிவாகப் பாடும். கொடைக்கானலில் 100.5 மெகாஹெர்ட்ஸ் கொடை எஃப்.எம். பக்கத்திலேயே இருந்து அடிக்கிறது, அதன் இரு மருங்கும் பயன்படாது. சரி, வேறொரு காலி இடத்தில் வைக்கலாம் என்றால், வத்தலக்குண்டு மலைப்பாதையில் சமவெளியைப் பார்க்கும் வளைவில் மதுரைப் பக்கத்து நிலையங்கள் எல்லாம் தூக்கலாக வரும். அடுத்த வளைவில் மலை மறைத்ததும் மறையும். ஒரு வளைவில் காலியாக இருந்த இடத்தில் அடுத்த வளைவில் விளம்பரம் ஓடும். மன்னவனூர்ப் பக்கம் மட்டுமே போய்வருபவருக்கு வேண்டுமானால் ஒத்துவரலாம். டெக்கின் கேசட் பகுதி முழுதும் செத்து, ரேடியோ மட்டும் உயிரோடு இருந்தால்தான் இதை யோசிக்க வேண்டும்.

புது செட்

கேசட் இல்லாதவர், வண்டியை அன்றாடம் ஓட்டுபவர், போன் பேச வசதி வேண்டுபவர் தயங்காமல் இதற்குப் போகலாம். இரண்டு இடத்தில் கவனம். இரண்டு குமிழ் வைத்த பழைய மாதிரி டெக் இருந்த டாஷ்போர்டில் புது செட்டுக்கான சுமார் 182-க்கு 53 மில்லிமீட்டர் திறப்பு இருக்காது, தகட்டை வெட்ட வேண்டி வரும். வெட்டிய அம்பாசிடர் டாஷ்போர்டை மறுபடி ஒட்ட முடியாது. கிளவ் பாக்ஸுக்குள்ளோ சீட்டுக்கடியிலோ மாட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஸ்பீக்கர் வயர். பழைய டெக்குகள் பலவற்றில் இரண்டு ஸ்பீக்கரின் மைனஸும் ஒன்றாகச் சேர்ந்து வண்டி உடம்பில் எர்த் ஆகியிருக்கும். புது செட்டின் ஸ்பீக்கர் மைனஸில் மின்னழுத்தம் உண்டு. அதை உடம்பில் தொட்டால் செட் தன்னை அணைத்துக்கொள்ளும், அல்லது ஆம்ப்ளிஃபையர் ஐ.சி. போகும். "புது செட் ஒரே வாரத்துல போச்சு" என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு வயர் புதிதாக இழுக்கச் சொல்லுங்கள். வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் வேலையை ஏற்காதீர்கள். மலை ஈரத்தில் டேப் பசை விட்டுவிடும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். மெமரிக்குப் போகும் மஞ்சள் வயரில் ஃபியூஸ் கட்டாயம். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் ஜீப் என்றால் அந்த வயர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியை உறிஞ்சும், நிறுத்தும்போது பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள்.

ஆக, கேசட் இருந்து டெக்கும் ஓடினால் துடைத்து ஓட்டுங்கள். கேசட் இருந்து டெக் ஓடாவிட்டால் பெல்ட். கேசட் இல்லாமல் டெக் அரைகுறையாக ஓடினால் அடாப்டர். கேசட்டும் இல்லை, டெக்கும் ஓடவில்லை என்றால் புது செட். ஒரு விலக்கு மட்டும் உண்டு. தாத்தா பேச்சோ, கல்யாண நாதஸ்வரமோ, வேறெங்கும் பிரதி இல்லாத பதிவு உள்ள கேசட்டை எவ்வளவு சுத்தமான கார் டெக்கிலும் போடாதீர்கள். நல்ல வீட்டு டெக்கில் ஒரு முறை ஓட்டி, லைன் அவுட்டிலிருந்து கணினிக்கு ஏற்றி, அந்தப் பிரதியைக் காரில் கேளுங்கள்.

கழற்றிய பழைய டெக்கை வைத்திருப்பதாக இருந்தால் உள்ளே கேசட் இல்லாமல், பெல்ட்டைப் புல்லியிலிருந்து எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். வயர் படங்களையும் அச்செடுத்து அதோடு போட்டுவிட்டால், வண்டியை வாங்குகிறவருக்கும் பயன்படும்.